அறுபத்தேழாவது சுற்றில் வந்த வலி

நடந்தவை, வரிசையாக:

1. திங்கள் காலை. கோவிலில் ஆடிச்சுற்றில் அறுபத்தேழாவது சுற்றை முடித்த அம்மாவுக்குத் தொப்புளைச் சுற்றி வலி வந்தது.
2. அன்று மாலைக்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. இரண்டு முறை வாந்தி.
3. செவ்வாய் காலை எட்டரை. எதிர்வீட்டு அத்தை அம்மாவின் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டாள்.
4. செவ்வாய் பகல் பதினொன்று. டாக்டரிடம் போனோம். இடுப்பு வலி என்று அம்மா சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.
5. ஊசி போட்டதும் வலி குறைந்தது. மாலையில் திரும்பி வந்தது.
6. புதன் காலை வலி சுத்தமாக நின்றது.
7. புதன் காலை எட்டு மணிக்கு நான் வாயைத் திறந்தேன்.
8. புதன் பகல் இரண்டு மணிக்குத் திருநெல்வேலியில் ஆபரேஷன்.

நான்காவது வரியின் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான்குக்கும் ஏழுக்கும் இடையில் இருபத்தொரு மணி நேரம் இருக்கிறது. அந்த நேரம் முழுக்க அம்மாவுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும்.

என் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதும் குறிப்புகள் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடியறைக் கணினிக்கு வரும். அதைப் படித்து நோய்க்கு ஒரு எண், சிகிச்சைக்கு ஒரு எண் போட வேண்டும். மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, திருநெல்வேலியில் நான்கு மாதம் கோடிங் வகுப்புக்குப் போய் இந்த வேலைக்கு வந்தேன். அங்கே சொற்களைத் துண்டு துண்டாக வெட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுத்துவிட்டார்கள். ‘ஆஸ்டமி’ என்றால் துளை மட்டும் போட்டிருக்கிறார்கள். ‘லேப்பரோ’ வயிறு, ‘ஸ்கோப்பி’ உள்ளே பார்ப்பது. குடல்வால் அழற்சி வந்து, வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்து, குடல்வாலை வெட்டி எடுத்த ஒரு நோயாளி இருந்தால் பாடம் பாதி முடிந்துவிடும். அதனால் எங்களுக்கு முதலில் வந்த பயிற்சிக் குறிப்பே அப்பெண்டிசைட்டிஸ்தான். அதற்குப் பிறகு எத்தனையோ குறிப்புகளுக்கு எண் போட்டிருக்கிறேன். ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. வெளிநோயாளியின் குறிப்பில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று டாக்டர் எழுதியிருந்தால் அந்த நோய்க்கு எண் போடக் கூடாது. அறிகுறிக்கு மட்டும்தான் எண். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் ஒரு குறிப்பில் ‘அப்பெண்டிசைட்டிஸாக இருக்கலாம்’ என்று வந்தது. எல்லா அறிகுறியும் கச்சிதமாகப் பொருந்தியதால் நான் நோயின் எண்ணையே போட்டேன். தணிக்கையில் அது தவறு என்று திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: நோயைக் கண்டுபிடிப்பது கோடரின் வேலை அல்ல. அந்த வரியை மஞ்சள் தாளில் எழுதிக் கணினியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன். அதன்பின் அந்தத் தவறை நான் செய்ததில்லை.

வீட்டில் வேறு ஒரு காரணமும் இருந்தது. போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது, இடது தோள், வியர்வை என்று நான் வரிசையாகச் சொல்லி, கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாம் சரியாக இருந்தது. முந்தின நாள் சாப்பிட்ட மொச்சைக் குழம்பின் வாயு என்றார்கள். அன்றிலிருந்து தெருவில் எனக்கு ஒரு பெயர்.

“மொச்சைக்கு ஈசிஜி எடுத்த டாக்டரம்மா வாரா, வழி விடுங்க” என்பாள் எதிர்வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எதிர்வீட்டில் இருப்பவள். அம்மாவுக்குக் கோவிலுக்கும் சந்தைக்கும் துணை. அம்மா அந்தப் பெயரைக் கேட்டு அவளைவிடச் சத்தமாகச் சிரிப்பாள்.

ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் எங்களூரில் பெண்களின் காலை நேரம் மாறிவிடும். விடியும் முன்னே குளித்துவிட்டுக் கோவிலின் வெளிப்பிரகாரத்தைச் சுற்றப் போவார்கள். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கும் நாட்கள் அவை. அவளுடைய கால்வலியில் ஒரு பங்கை நாம் வாங்கிக்கொள்வதுதான் சுற்று என்று அத்தை சொல்வாள். ஆகவே கால் வலித்தால் யாரும் கவலைப்படுவதில்லை. வலிக்கவில்லை என்றால்தான் கணக்கில் ஏதோ குறைகிறது என்று நினைப்பார்கள்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக அம்மா இந்த வருடம் நூற்றெட்டுச் சுற்று நேர்ந்திருந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவரிடம் மருந்து முக்காத வெறுங்குச்சி வாங்கி, நூற்றெட்டை எண்ணி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொண்டாள். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு குச்சியை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்து என் முன்னால் எண்ணுவாள். நான் என் செல்போனில் தேதியோடு குறித்துக்கொள்வேன். இருபது, இருபது, பதினைந்து என்று ஏறிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை பன்னிரண்டு. மொத்தம் அறுபத்தேழு.

“இன்னைக்கு என்னம்மா பன்னெண்டோட வந்துட்ட?”

“தொப்புளச் சுத்திப் பிசையுது. வெறும் வயித்துல நடந்ததுல்லா, அதான். நீ எழுது.”

எழுதினேன். சுற்றின் கணக்குக்குக் கீழேயே, பழக்க தோஷத்தில், ‘ஆர்10.33’ என்றும் எழுதினேன். தொப்புளைச் சுற்றிய வலிக்கு உரிய எண் அது. சாயங்காலம் அம்மா வலது கையை அடிவயிற்றின் ஓரத்தில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றபோது அதை அடித்துவிட்டு ‘ஆர்10.31’ என்று மாற்றினேன். வலது கீழ்ப்பகுதி வலி. தொப்புளுக்கும் இடுப்பெலும்பின் முனைக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, அதில் தொப்புளிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி ஒரு புள்ளி வைத்தால், பழைய காலத்து அமெரிக்க சர்ஜன் ஒருவரின் பெயரில் வழங்கும், குடல்வால் வலியைக் காட்டும் இடம் அது. அம்மாவின் நடுவிரல் அந்தப் புள்ளியில்தான் இருந்தது.

அன்றிரவு படுக்கப் போகும்போது செல்போனில் என் அறிகுறிப் பட்டியலில் ஏழு வரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. சாப்பாடு வேண்டாம் என்கிறாயே? விரதத்தில் வயிறு சுருங்கிவிட்டது. வாந்தி? பித்தம். குனிந்து நடக்கிறாயே? சுற்றின் அசதி. உடம்பு சுடுகிறதே? பிரகாரத்துக் கல்லின் சூடு. வலது காலை நீட்டினால் ஏன் முகம் சுளிக்கிறாய்?

“நேந்துக்கிட்டு நடக்கவளுக்குக் கால் வலிக்காம கையா வலிக்கும்? போட்டி அங்கன.”

வீங்கிய குடல்வால் பின்னாலிருக்கும் தசையில் உரசினால், காலை நீட்டும்போது வலிக்கும். அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, சோவாஸ் அறிகுறி. அம்மா அதை அம்மனிடமிருந்து வாங்கிக்கொண்ட பங்கு என்று எடுத்துக்கொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது என்று நினைக்கிறேன்.

செவ்வாய் காலை அத்தை விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

“குடல் ஏறியிருக்கும். ரெண்டு நீவு நீவுனா எறங்கிரும். படு மதினி.”

அம்மா பாயில் படுத்தாள். அத்தை உள்ளங்கையால் மெல்ல அமுக்கினாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அத்தை கையை எடுத்ததும் “எம்மோ” என்று கத்திவிட்டாள்.

“இது என்ன கூத்து? அமுக்கையில பேசாம கெடக்கா, கைய எடுத்தா கத்துதா. எங்கை அம்புட்டு சொகமா இருக்கோ?”

அப்பாகூட வாசலில் நின்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அமுக்கும்போது உள்ளதைவிடக் கையை எடுக்கும்போது வலி அதிகம் என்றால் அது ரீபவுண்ட் டெண்டர்னஸ். வயிற்றின் உள்சவ்வு வரைக்கும் அழற்சி போய்விட்டது என்று அர்த்தம். இதை எத்தனையோ குறிப்புகளில் படித்திருக்கிறேன். இதற்குத் தனி எண் இருக்கிறது. அதையும் பட்டியலில் சேர்த்தேன், எட்டாவதாக. “இனிமே நீவாதீங்க அத்த” என்று மட்டும் சொன்னேன்.

“ஏன், டாக்டரம்மாவுக்கு ஃபீஸ் கட்டணுமா?”

டாக்டரிடம் போகலாம் என்று அம்மாவைக் கிளப்ப எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. போன இடத்தில் வயிறு என்ற சொல்லையே அவள் எடுக்கவில்லை.

“ஆடிச்சுத்து சுத்துதேன் டாக்டர். வலது பக்கம் இடுப்பு புடிச்சுக்கிட்டு. காலு நீட்ட முடியல. ஒரு ஊசியப் போட்டு விடுங்க, மீதிய முடிச்சிருதேன்.”

திருவிழா நாட்களில் அவர் இதைத் தினமும் கேட்டிருப்பார். எத்தனை சுற்று பாக்கி என்று சிரித்தபடி கேட்டார். நாற்பத்தொன்று என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “வேற எதுவும் தொந்தரவு இருக்காம்மா?” என்றார்.

செல்போன் என் கையில் இருந்தது. எட்டு வரிகள். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா எனக்கு முந்திக்கொண்டு “ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றாள். அவர் இன்னும் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தக் கணத்தில் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயம் இல்லை. மொச்சை நினைவுக்கு வந்தது. மஞ்சள் தாள் நினைவுக்கு வந்தது. அவர் கண்டுபிடித்து எழுதட்டும், எழுதியதை நான் ஒப்புக்கொள்கிறேன் என்று நினைத்தேன். எனக்குப் பழகிய முறை அதுதான். ஆனால் அங்கே குறிப்பு எழுதுவதற்கு வேண்டிய தகவல் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அறிகுறியைச் சொல்வது நோயைக் கண்டுபிடிப்பது ஆகாது. இவ்வளவு எளிய வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஊசி வேலை செய்தது. அம்மா மத்தியானம் கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிட்டாள். மாலை வலி திரும்பியபோது முனகாமல் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

புதன் காலை நான் எழுந்து வந்தபோது அவள் குளித்து, கோவிலுக்குக் கட்டும் மஞ்சள் புடவையைக் கட்டி, அடுப்படியில் நின்றிருந்தாள். பக்கத்தில் எவர்சில்வர் டப்பா.

“வலி போயிட்டுட்டி. அஞ்சு மணி வாக்குல என்னமோ பட்டுனு விட்டாப்புல இருந்து. அப்புறம் ஒண்ணும் இல்ல. அம்மன் கண்ணத் தொறந்துட்டா. காப்பி குடிக்கியா?”

சந்தோஷமாக இருந்தாள். வாசலில் அத்தை தயாராக நின்றாள். “ஊசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, எல்லாம் எங்கைராசி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

குறிப்புகளில் ஒரு வாக்கியம் வரும். நோயாளிக்கு என்ன நோய் என்று தெரிந்தவர்களால் மட்டுமே பயத்தோடு படிக்கக்கூடிய வாக்கியம்: ‘வலி திடீரென்று நின்றதாக நோயாளி தெரிவிக்கிறார்.’ வீங்கிய குடல்வால் வெடிக்கும்போது உள்ளேயிருந்த அழுத்தம் குறைந்துவிடும். சில மணி நேரம் சுகமாக இருக்கும். அந்த நேரத்தில் உள்ளேயிருந்த சீழ் வயிற்றில் பரவத் தொடங்கியிருக்கும். அடுத்த வரிகளில் பெர்ஃபொரேஷன், அதாவது ஓட்டை என்று வரும்; பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயிற்று உள்சவ்வின் அழற்சி என்று வரும். இன்னும் கீழே போனால், தீவிர சிகிச்சைப் பிரிவு, உடம்பெங்கும் தொற்று பரவிய செப்சிஸ். சில குறிப்புகள் அதற்குக் கீழே போவதில்லை.

அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. தெர்மாமீட்டர் நூற்றொன்று புள்ளி நான்கு. வயிற்றில் கை வைத்தேன். இறுகிப் பலகைபோல் இருந்தது.

“வாயுவா இருக்கும்” என்றாள் அம்மா.

“கோவிலுக்குப் போகக் கூடாதும்மா. காப்பி குடிக்காத. தண்ணிகூடக் குடிக்காத. ஒனக்கு அப்பெண்டிசைட்டிஸ். காலையில அஞ்சு மணிக்கு அது வெடிச்சிருக்கு.”

வாசலிலிருந்து அத்தைதான் முதலில் சிரித்தாள். “ஏ, வலி நின்னா வியாதிங்கா. வலிச்சா என்னம்பா?”

“வலிச்சப்பவும் அதான் அத்த. நான் சொல்லல.”

“சும்மா கெட. போன வருசம் ஒங்க அப்பாவ இழுத்துட்டுப் போன மாரி என்னையும் இழுத்துட்டுப் போகப் பாக்கியா?” என்றாள் அம்மா. டப்பாவை எடுத்து இடுப்பில் செருகினாள். “நாப்பத்தொண்ணு. ரெண்டு நாள்ல முடிச்சிட்டு நீ சொல்லுத எடத்துக்கு வாரேன், போதுமா?”

எப்போதும் பட்டியல் போட்டுத்தான் நான் பேசுவேன். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். அப்பா பின்கட்டில், வீட்டையொட்டிய கொட்டகையில் எங்கள் நான்கு விசைத்தறிகளில் ஒன்றில் குனிந்து நின்றிருந்தார். அவரிடம் போய்ச் செல்போனை நீட்டி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தேன். தறிச் சத்தத்தில் கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. கடைசி வரி வந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஓடிக்கிட்டிருந்த தறி தானா நிக்கி. சரியாயிட்டுன்னா அர்த்தம்?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா முப்பது வருடமாகத் தறிச் சத்தத்தில் வாழ்பவள். ஒரு தறி நின்றால் அடுப்பிலிருந்தபடியே “மூணாவது நின்னுட்டு” என்று குரல் கொடுப்பவள்.

“நூல் அறுந்தாத்தான் நிக்கும்” என்றார் அப்பா. “மொச்சையா இருந்தா இருந்துட்டுப் போகுது. ஏறு ஆட்டோவுல.”

அம்மா டப்பாவை அத்தையின் கையில் கொடுத்தாள்.

ரதவீதிப் பக்கம் போக முடியாத கூட்டம். சுற்று வழியாகப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஸ்கேன் சென்டருக்குப் போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டர் கருவியை வலது பக்கம் வைத்து வெகுநேரம் அசைக்காமல் இருந்தார். திரையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாம்பல் நிறமாக இருந்தது. அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் தட்டச்சு செய்தபோதுதான் புரிந்தது. ஒரு பக்கம் மூடிய, அமுக்கினால் அமுங்காத குழாய் போன்ற அமைப்பு. உள்ளே அப்பெண்டிகோலித், அதாவது இறுகிய மலத்தாலான சின்னக் கல். முனையில் சுவர் தொடர்ச்சி இல்லை, அதாவது வெடித்திருக்கிறது. சுற்றிலும் திரவம். என் மாடியறையில் நான் காபி குடித்தபடி படிக்கும் வாக்கியங்கள்.

அவரே திருநெல்வேலிக்கு ஃபோன் செய்து சொன்னார். வாடகைக் காரில் புறப்பட்டோம். வழியில் வேகத்தடைகளை எண்ண வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் அம்மா என் கையை அழுத்தினாள். காலையில் போன வலி இப்போது வயிறு முழுக்கத் திரும்பி வந்திருந்தது. அவள் அழவில்லை. ஒரு முறை மட்டும், “அம்மன்கிட்ட பாக்கி வச்சிட்டு வந்துட்டேனே” என்றாள். அப்பா முன் இருக்கையிலிருந்து திரும்பி, “எங்கண்ணுக்குத்தான நேந்த? கண்ணு தெரியுது. பேசாம வா” என்றார்.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கும். வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார். செல்போனைக் கொடுத்தேன். மேலிருந்து கீழே படித்தார்.

“யார் எழுதுனது?”

“நான்தான் டாக்டர்.”

“நர்ஸா?”

“இல்ல. கோடிங்.”

“திங்கட்கிழமை சாயங்காலமே எல்லாம் இருக்கு இதுல.” நிமிர்ந்து பார்த்தார். “ஏன் நேத்தே வரல?”

“எனக்குத் தெரியும் டாக்டர். நான் சொல்லல.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “சரி, இப்ப வந்துட்டீங்க” என்று சொல்லிவிட்டு, செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஒப்புதல் படிவத்தை அப்பாவிடம் தந்தார்கள். அவர் என்னிடம் நீட்டி, “என்ன போட்டிருக்கு?” என்றார். லேப்பரோஸ்கோப்பிக் அப்பெண்டிசெக்டமி, தேவைப்பட்டால் ஓப்பன். வயிற்றில் மூன்று சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமரா விட்டு, குடல்வாலை வெட்டி எடுப்பார்கள் என்றேன். உள்ளே நிலைமை மோசமாக இருந்தால் பெரிதாகக் கிழிக்க வேண்டி வரும், அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து. இந்தச் சொற்களை எண்ணாக மாற்றியிருக்கிறேனே தவிர, கேட்டுக்கொண்டு நிற்கும் ஓர் ஆளுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். “பொழச்சுக்கிடுவால்லா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றே சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

ஒன்றே முக்கால் மணி நேரம். பிறகு சர்ஜன் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது வழக்கமாம். சுண்டுவிரல் நீளம். நுனி கறுத்திருந்தது. கறுப்பில் ஒரு ஓட்டை. ஓரத்தில் மிளகு அளவில் ஒரு கல்.

“இம்புட்டுதானா?” என்றார் அப்பா.

“இவ்வளவுதான். துளை வழியாவே முடிச்சுட்டோம். சீழ் அந்தப் பக்கத்தோட நின்னுட்டு. வயிறு முழுக்கப் பரவியிருந்தா கஷ்டம். கழுவி விட்டு, மிச்ச சீழ் வடிய ஒரு ட்ரெய்ன் குழாய் வச்சிருக்கோம்.”

‘அந்தப் பக்கத்தோட’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். ஓரிடத்தோடு நின்ற பெரிட்டோனைட்டிஸுக்கு ஒரு எண், பரவியதற்கு வேறு எண். இரண்டுக்கும் ஓரிரு இலக்கம்தான் வித்தியாசம். வேலையில் அந்த இலக்கத்தை மாற்றிப் போட்டால் ஒரு தவறு என்று கணக்கு வைப்பார்கள்.

அடுத்த நாட்களில் ஒரே ஒரு கேள்விதான். நர்ஸ் வரும்போதெல்லாம், “காத்து பிரிஞ்சுதாம்மா?” என்று கேட்பார். அம்மா வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம் அது; அது வரும்வரை சோறு கிடையாது. ‘வாயு பிரிந்தது’ என்ற வரியை எத்தனையோ குறிப்புகளில் கண்ணை ஓட்டிக் கடந்திருக்கிறேன். எண் இல்லாத வரி அது. அந்த வரிக்காக ஒரு குடும்பம் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெள்ளிக்கிழமை காலை வந்தது. அப்பா எழுந்து போய் நர்ஸிடம் சொன்ன வேகத்தைப் பார்த்து அம்மா, “ஊரக் கூட்டித் தண்டோராப் போடுங்க” என்றாள்.

சனிக்கிழமை அத்தை பஸ் பிடித்து வந்தாள். புடவைத் தலைப்பில் ட்ரெய்ன் குழாயை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்ததும் அழுதாள். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“நான் நீவுனதுனாலயா மக்கா?”

ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. செவ்வாய் காலை நீவினாள். வெடித்தது புதன் காலை. “அது யாருக்கும் தெரியாது அத்த. ஆனா நீங்க நீவுனப்ப எனக்கு விசயம் தெரியும். ஒங்களுக்குத் தெரியாது” என்றேன். அவள் என் கன்னத்தைத் தொட்டாள். உள்ளே திரும்பிப் போனபோது அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்று தெரிந்தது.

“நீவுனவ இவ. நின்னு பாத்தவ எம்மவ. டாக்டர்கிட்டப் பொய் சொன்னவ நான். ஆளுக்கு ஒரு கை” என்றாள். பிறகு என்னிடம், “மொச்சைன்னு சொல்லிச் சிரிச்சதுலதான் நீ வாயத் தொறக்கல, என்ன?” என்று கேட்டாள்.

“அதுவும் ஒரு காரணம்.”

“இனிமே சிரிச்சாலும் சொல்லு. நான் சிரிப்பேன். நீ சொல்லு.”

ஆபரேஷன் முடிந்த ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியை மாடியறையில் உட்கார்ந்து படித்தேன். ‘மூன்றாம் நாள் வலியுடன் வந்தார்’ என்று இருந்தது. முதல் இரண்டு நாட்கள் ஏன் கழிந்தன என்று அதில் இல்லை. அதை எழுதும் இடம் அந்தப் படிவத்தில் கிடையாது.

இப்போது மார்கழி. அம்மா நலமாக இருக்கிறாள். வயிற்றில் மூன்று தழும்புகளும் ட்ரெய்ன் வைத்த இடத்தில் ஒன்றும் இருக்கின்றன. எடுத்த குடல்வாலைச் சோதித்த அறிக்கையில் வேறு கெடுதல் எதுவும் இல்லை என்று வந்தது. கனம் தூக்கக் கூடாது என்ற தடை முடிந்துவிட்டது. மஞ்சள் தாள் கணினியில் அப்படியே இருக்கிறது. அலுவலக வேலைக்கு அந்த விதி சரிதான். அத்தை என்னை இன்னும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். போன மாதம் அவளுக்குத் தலைசுற்றல் வந்தபோது, கூடவே போய் டாக்டரிடம் ஐந்து வரி சொன்னேன். ரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

எவர்சில்வர் டப்பா சாமி அலமாரியில் இருக்கிறது. அதில் நாற்பத்தொரு குச்சிகள். அடுத்த ஆடியில் அம்மா அவற்றை நடந்து முடிப்பாள். வலித்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.